நிரஞ்சலாவின் மூன்று வரன்கள்

எனக்கு ஊர்கிற எதையும் கண்ணில் காட்டக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, இவள் உடும்புக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று கதை கட்டவேண்டாம். குளியலறைச் சுவரில் ஒரு சிலந்தியைக் கண்டாலே கணவரைக் கூப்பிடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட என் வீட்டு மேல்மாடியில் மூன்று உடும்புக் குஞ்சுகள் வளர்ந்தன என்றால், அதற்குக் காரணம் என் மச்சாள் நிரஞ்சலா. எங்கள் சனம் அவளைப் பற்றி வேண்டிய மட்டும் கதைத்துவிட்டது. இனி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

நிரஞ்சலா என் கணவர் குலேந்திரனின் ஒரே தங்கை. டென்மார்க்கில், இக்காஸ்டில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் இருவரும், மேலே சாய்ந்த கூரைக்குக் கீழே இரண்டு அறைகளில் அவளும் இருந்தோம். முப்பத்தாறு வயது. முதியோர் இல்லத்தில் வேலை. தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள டெனிஷ்காரக் கிழவர்களைத் தூக்கி இருத்துவாள், குளிக்க வார்ப்பாள், திட்டினால் திருப்பித் திட்டுவாள். அவளுக்குக் கொஞ்சிப் பேசத் தெரியாது. பிறந்தநாள், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று எங்கள் சனம் கூடுகிற எந்த இடத்துக்கும் வரமாட்டாள். "ஏன் பிள்ளை வாறேல்லை?" என்று கேட்டால், "விருப்பமில்லை" என்பாள். வேறு ஆட்கள் என்றால் தலையிடி என்றாவது ஒரு பொய் சொல்வார்கள்.

அவளுடைய ஜக்கெட் பையில் எப்போதும் ஓர் அவித்த முட்டை இருக்கும். கழுவப் போடும்போது நான்தான் எடுத்து வெளியே வைப்பேன். முதலில் எனக்கு எரிச்சல். பிறகு காரணம் தெரிந்தது. எரிச்சல் போகவில்லை, ஆனால் வேறு ஆளின் மேல் போய் விழுந்தது.

இருபத்தைந்து வயதில் அவளை ஒஸ்லோவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சம்பந்தம் பேசியது யோகமலர் மாமி, இவர்களுடைய தகப்பனின் தங்கை, நாட்டின் மற்றக் கரையில் புரொண்பியில் இருக்கிறவர். படம் வந்தது, சாதகம் வந்தது, பொருத்தம் பார்த்தார்கள், தொலைபேசியில் நாலு முறை கதைத்தார்கள், முடிந்தது. அந்த ஒஸ்லோக்காரன் பெயரை நான் சொல்லமாட்டேன், என் வாய்க்கு மரியாதை இருக்கிறது. அவன் சாப்பாட்டுச் சாமான் இருக்கிற குசினி அலுமாரிக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தான். கோபம் வந்தால் அவளுடைய அறையின் ஹீட்டரை நிறுத்திவிடுவான். நோர்வேயின் மாரிக்குள் அவள் ஜக்கெட்டோடு படுத்தாள். அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தாள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போ பிள்ளை, எல்லாம் சரிவரும்" என்றார் இவர். பக்கத்தில் நின்று, போய் ஒருக்கால் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான் கத்தினேன். என் பேச்சை யார் கேட்டது. ஒருநாள் அவள் ஒரு பையோடு கப்பலேறி வந்து எங்கள் கதவைத் தட்டினாள். அன்றிலிருந்து மேல்மாடி அவளுக்கு. ஒஸ்லோவைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு சொல் கதைத்ததில்லை.

உடும்புக்கு வருகிறேன். அவளோடு வேலை செய்கிற மரினா என்கிற டெனிஷ்காரி சில்க்போர்க்கில் இருக்கிறாள். அவுஸ்திரேலியாவின் சின்ன இன உடும்புகளை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பது அவளுடைய பொழுதுபோக்கு. ஒருநாள் நிரஞ்சலா அதைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து, என் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நின்றபடி, தானும் வளர்க்கப் போவதாகச் சொன்னாள்.

"எனக்கு விசர் பிடிக்கமுதல் மேல போம்" என்றேன்.

மேலேதான் போனாள். ஒரு மீன்தொட்டியை வாங்கி, அடியில் நாலு விரல் மண் போட்டு, மேலே ஒரு விளக்கைக் கட்டினாள். மரினா வீடு பார்க்க வந்தாள். ஆம், வீடு பார்க்க. காலணியைக் கழற்றிவிட்டு, மாடியேறி, யன்னலோரம் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். மண்ணுக்குள் விரலை விட்டாள். "இது காணாது. குஞ்சு தோண்டிப் போய் ஒளிக்க வேண்டும். மண் ஆழமாக இருக்க வேண்டும், ஈரமாக இருக்க வேண்டும். இப்படிக் காய்ந்த மண்ணில் இருந்தால் நாவரண்டு செத்துப்போகும். இந்தத் தொட்டிக்கு நான் குஞ்சு தரமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் அவளைத் திமிர் பிடித்தவள் என்றேன். நிரஞ்சலா அடுத்த நாளே பலகை வாங்கி வந்தாள்.

பலகையால் ஆளின் நெஞ்சுயரப் பெட்டி ஒன்று செய்தாள், முன்பக்கம் கண்ணாடி. மண்ணையும் மணலையும் குழைத்து, தண்ணீர் விட்டு, கையால் அமத்தி முழங்கை ஆழத்துக்கு நிரப்பினாள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. புட்டு மா பதம், எனக்கு அப்படித்தான் விளங்கியது. ஒரு மூலையில் தட்டைக் கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, அதற்கு மேலே சூட்டு விளக்கு. மேற்கல்லில் விரல் வைக்க முடியாத சூடு. மற்ற மூலை குளிர்ச்சி. குஞ்சு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடிப் போகுமாம். சூடு காயாவிட்டால் தின்றது செமிக்காதாம்.

மரினா இரண்டாம் முறை வந்தாள். துவக்கு மாதிரி ஒரு வெப்பமானியைக் கல்லுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். தலையாட்டினாள். பிறகு கேட்டாள்: "உனக்கு வருத்தம் வந்து படுத்துவிட்டால், அல்லது வேலையில் கூடுதல் நேரம் நிற்க வேண்டி வந்தால், யார் சாப்பாடு போடுவது?" நிரஞ்சலா என்னைப் பார்த்தாள். மரினாவும் என்னைப் பார்த்தாள், சோதனை எடுக்கிற ரீச்சர் மாதிரி. இவள் யார் என் வீட்டில் என்னைச் சோதிக்க என்ற கோபத்தில், "நான் போடுவேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

மூன்றும் ஈரக் கடதாசி போட்ட டப்பாக்களில் வந்தன. உடலெல்லாம் மஞ்சள் புள்ளி. வாலில் முள்ளு முள்ளாய்ச் செதில். கருநீல நாக்கை நீட்டி நீட்டி என் வீட்டை மோந்து பார்த்தன. உள்ளே விட்டதும் மண்ணைத் தோண்டிக்கொண்டு போய் ஒளித்தன, நாலைந்து நாள் தலைகாட்டவில்லை. தோண்டி எடுத்துப் பார்க்கலாமே என்றேன். "வரட்டும். அதுக்கு விருப்பம் வரேக்க வரும்" என்றாள் நிரஞ்சலா. அவள் அவ்வளவு பொறுமையாக எதையும் பார்த்துக்கொண்டிருந்து நான் கண்டதில்லை.

குஞ்சுகளுக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு. வெட்டுக்கிளி மாதிரிச் சத்தமிடும் சின்னப் பூச்சிகள், கரப்பான் குஞ்சுகள். அதுகளையும் வளர்க்க வேண்டும், முட்டை மட்டை போட்ட ஒரு பெட்டியில் கரட் துண்டு வைத்து. உடும்புக்குப் போடமுதல் பூச்சிகளை ஒரு பையில் போட்டுச் சுண்ணாம்புச் சத்து மாவைத் தூவிக் குலுக்க வேண்டும். கத்தரிக்காய்க்கு மா பிரட்டுவது போலத்தான். எப்போதாவது ஓர் எலிக்குஞ்சு, அதுவும் என்னுடைய உறைபெட்டியில், என்னுடைய இறாலுக்குப் பக்கத்தில். அதைக் கண்ட அன்று நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு டெனிஷ்காரனுக்கும் கேட்டிருக்கும். நிரஞ்சலா தனக்கென்று ஒரு சின்ன உறைபெட்டி வாங்கினாள்.

மூன்றில் கடைசி நோஞ்சான். மற்ற இரண்டும் அதன் பங்கையும் பறித்துத் தின்றுவிடும். அதைப் புறம்பாக ஒரு பெட்டிக்கு மாற்றி, நீளச் சாமணத்தால் பூச்சியை அதன் வாய்க்கு நேரே பிடிப்பாள். தின்னும்வரை பேசாமல் நிற்பாள். அந்த நேரத்தில் அவளுடைய சாப்பாடு கீழே ஆறிப்போய்க் கிடக்கும். அவள் வேலைக்குப் போன நாட்களில் நான் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மனதுக்குள் வைதுகொண்டு போட்டேன். ஆனால் ஒருநாளும் தவறவில்லை, சொன்ன சொல் சொன்னதுதான்.

இனி வில்லங்கத்துக்கு வருகிறேன். டெனிஷில் உடும்புக்கு வரான் என்று பெயர். அந்த மொழிக்காரர் சொல்லின் வாலை விழுங்கிவிடுவார்கள். நிரஞ்சலா ஆறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள், அவளும் விழுங்கித்தான் சொல்வாள். தமிழ்க் காதுக்கு அது 'வரன்' என்றே விழும். உடும்பு என்ற தமிழ்ச் சொல் அவள் வாயில் வராது. அவள் ஊரில் உடும்பைக் கண்டதே இல்லை.

ஒருநாள் அவள் பெட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பூச்சிப் பெட்டியைப் பிடித்திருந்தேன். யோகமலர் மாமியின் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பிள்ளை, உனக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கு."

"எனக்கு நேரமில்லை மாமி. மூண்டு வரன் வந்திருக்கு. அதுகளோட மினக்கெடுறன்."

"என்ன, மூண்டோ? ஆர் கொண்டுவந்தது?"

"மரினா. என்னோட வேலை செய்யிற டெனிஷ்காரி."

"வெள்ளைக்காரியோ பாத்துத் தந்தவள்? என்ன வயசு?"

"சின்னன்கள்தான். இனித்தான் வளரும்."

மாமியின் குரல் இறங்கியது. "இப்ப எங்க நிக்கினம்?"

"இஞ்சதான், என்ர அறையில."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியும், அவருக்கு விருப்பமில்லை. நான் வேலைக்குப் போனால் மச்சாள்தான் சாப்பாடு போடுறவா."

மாமி வைத்துவிட்டார். நிரஞ்சலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. திருப்பி எடுத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு வரனைக் கொண்டுவந்து தந்தவர்தானே, கிடந்து துடிக்கட்டும் என்று விட்டேன். இன்றைக்கும் விடுவேன்.

புரொண்பி முழுக்கக் கதை பரவியது. குலேந்திரனின் தங்கை மேல்மாடியில் மூன்று இளந்தாரிகளை வைத்திருக்கிறாளாம், அவருடைய மனிசிக்காரி சமைத்துக் கொடுக்கிறாளாம். யன்னல் தொழிற்சாலையில் வேலையில் நின்ற குலேந்திரனுக்கே ஒருத்தர் தொலைபேசி எடுத்துத் துக்கம் விசாரித்தார். சனத்தின் வாய்க்குப் பயந்தே பாதி உயிர் போனவர் இவர். வந்து என்மேல் பாய்ந்தார். உடும்பு என்று அவர்களுக்குச் சொல்லுங்கோவன் என்றேன். "உடும்பு எண்டால் மட்டும் மரியாதையோ?" என்றார்.

மாமி சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்தார், பெட்டி படுக்கையோடு. கீழே எனக்கு முகம் கொடுக்கவில்லை. நேரே மாடிக்கு ஏறினார். நான் பின்னால் போனேன், அதைத் தவறவிட எனக்கு என்ன விசரா.

"எங்க அவங்கள்?"

"ஆர் மாமி?" என்றாள் நிரஞ்சலா.

"உன்ர மூண்டு வரனும்."

நிரஞ்சலா பெட்டியைக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய குஞ்சு கல்லுக்கு மேலே ஏறி, மாமியைப் பார்த்து நாக்கை நீட்டியது. மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உதென்ன கோதாரி?" என்றார்.

"வரன்" என்றாள் நிரஞ்சலா.

நான் சிரித்துவிட்டேன். என்னைப் பார்த்து நிரஞ்சலாவும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மாமி எதையும் மன்னிப்பார், தன்னைப் பார்த்து ஆட்கள் சிரிப்பதை மட்டும் மன்னிக்கமாட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டைதான். உடும்பு வீட்டுக்குள் வந்தால் ஆக்கள் இருக்கமாட்டினம், குடிபெயர்ந்து போவினம், ஊரில் சாந்தி செய்துதான் திரும்ப வருவினம் என்று மாமி குலேந்திரனின் காதுக்குள் ஓதினார். தானாக வந்தால்தானே, இது கூட்டிவந்து வைத்தது என்றேன். "நீ வாயை மூடு, நீதானே அதுகளுக்குச் சாப்பாடு தீத்துறனி" என்றார். என் வீட்டில் என் சோற்றைத் தின்றுகொண்டு சொன்னார். அடுத்த நேரம் அவருக்கு உறைப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

மாமி கொண்டுவந்த நல்ல இடத்தின் பெயர் கோணேசன். புரொண்பியில் சொந்த வீடு, முதல் மனைவி விட்டுப் போய்விட்டாளாம். ஏன் போனாள் என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய கதை. ரெண்டாந்தரத்துக்கு வாற ஆளை உப்பிடித் துருவிக் கொண்டிருந்தால் ஆர் வருவினம்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாக, நிரஞ்சலாவை ஒரு சொல் கேட்காமல், நாள் குறித்தாயிற்று.

இரவுச் சாப்பாட்டு மேசையில் குலேந்திரன் சொன்னார், கோப்பையைப் பார்த்தபடி. "ஞாயிறு ஆக்கள் வருகினம். அதுக்கிடையில உந்தப் பெட்டியள் வீட்டை விட்டுப் போகோணும்."

"போகாட்டி?" என்றாள் நிரஞ்சலா.

"போகாட்டி நீயும் வேற இடம் பார்."

"பல்லியைச் சாட்டிப் பிள்ளையைத் துரத்துறியளோ?" என்றேன் நான்.

"நீர் சும்மா இரும்."

சும்மா இருந்தேன். அடுத்த நாள் அவர் தானே தேத்தண்ணீர் போட்டுக் குடித்தார், தானே சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். நிரஞ்சலா ஒருவரோடும் கதைக்கவில்லை. பெட்டிகள் அந்தந்த இடத்திலேயே இருந்தன. அவள் பயந்தது எனக்குத் தெரியும். பெட்டிக்காக மட்டுமல்ல. திரும்பவும் தன்னைத் தூக்கி யாரிடமோ கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் அது. ஜக்கெட் பையில் ஒரு முட்டை இருந்த இடத்தில் இரண்டு இருந்தன.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் கடைக்குப் போனேன். மாமி முழுகிவிட்டு, என் செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்திருக்கிறார். வேப்பிலைக்கு இக்காஸ்டில் எங்கே போவது, என் உறைபெட்டியிலிருந்து கறிவேப்பிலைக் கொத்தை எடுத்திருக்கிறார். கண் கழிக்கவாம், வீட்டைச் சுத்தப்படுத்தவாம். அறை முழுக்கத் தெளித்தார். அது காணாதென்று நோஞ்சான் இருந்த சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளேயும் ஒரு வீச்சு வீசினார். குளிர்ந்த தண்ணீர் உள்ளேயிருந்த சூட்டு விளக்கில் பட்டது. விளக்கு வெடித்தது.

நான் கதவைத் திறக்கும்போது வீட்டில் மின்சாரம் இல்லை. மாமி மாடிப்படியில் செம்போடு இருந்து நடுங்கிக்கொண்டிருந்தார். "வெடி வைச்சிட்டாள், என்னைக் கொல்ல வெடி வைச்சிட்டாள்" என்றார். வெடித்ததும் வெளியே ஓடி, கதவை ஓங்கி அடித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நோஞ்சானும் ஓடிவந்திருக்கிறது. கதவு அதன் வாலில் விழுந்தது.

நான் மேலே போனேன். என்னைத் தவிர வீட்டில் போவதற்கு வேறு யாரும் இல்லை. தரையெல்லாம் கண்ணாடித் துண்டு, சுவரெல்லாம் மஞ்சள். பெரிய இரண்டும் தங்கள் பெட்டியில் மண்ணுக்குள் போய்விட்டன. நோஞ்சான் கதவோரம் கிடந்தது. வாலில் பாதி அறுந்து கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. குனிந்து வெறுங்கையால் தூக்கினேன். அது என் விரலைக் கவ்வியது. உடும்புப் பிடி என்று சும்மா சொல்கிறோமே, அதை என் விரல் அன்றைக்குத்தான் படித்தது. நான் உதறவில்லை. அதைக் கையில் பொத்திப் பிடித்தபடி மற்றக் கையால் நிரஞ்சலாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அழுதேன் என்றுதான் அவள் சொல்கிறாள்.

அவளும் மரினாவும் வேலையை விட்டு வந்தார்கள். மரினா நோஞ்சானின் காயத்தைக் கழுவி மருந்து போட்டாள், பிறகு அதை ஒரு டப்பாவில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டு போனாள். உயிர் தப்பும் என்று சொல்லி அனுப்பினாள். அதற்குள் குலேந்திரனும் வந்துவிட்டார். எல்லாரும் குசினிக்குள் நின்றோம். நிரஞ்சலா கழுவுதொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

மாமிக்கு இப்போது குரல் திரும்பிவிட்டது. "வால்தானே பிள்ளை. பல்லிக்கு முளைக்கிற மாதிரி முளைச்சிடும். அதுக்கு இவ்வளவு ஆரவாரமோ, கண்டறியாத பல்லி."

"முளைக்காது" என்றாள் நிரஞ்சலா. "வரனுக்கு வால் போனால் போனதுதான்."

"சரி, நாளையிண்டைக்கு ஆக்கள் வருகினம். உந்த மூஞ்சையோடயோ நிக்கப்போறாய்?"

நிரஞ்சலா கையைத் துடைத்தாள். மாமியைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். கோபம் வந்தால் டெனிஷில்தான் பாய்வாள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

"அண்ணை, இந்த மூண்டையும் தரமுதல் மரினா ரெண்டுதரம் இஞ்ச வந்து வீடு பாத்தவள். சூடு காணுமோ எண்டு பாத்தவள். எனக்கு ஏலாட்டி ஆர் சாப்பாடு போடுறதெண்டு கேட்டவள். முதல்தரம் சரியில்லையெண்டு தராமல் போனவள். இதுகள் என்ர விரலளவுதான் இருந்ததுகள்."

குலேந்திரன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"என்னை ஒஸ்லோவுக்குக் குடுக்கேக்க நீங்கள் ஒருதரமாவது வந்து வீடு பாத்தனீங்களோ?"

மாமிதான் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் ஹீட்டரைத் தடவிப் பாக்கிறதோ? என்ன விசர்க் கதை இது?"

"அது பழைய கதை, விடு" என்றார் குலேந்திரன். அதைவிட வேறு எதையும் சொல்லியிருக்கலாம். அந்த ஆளுக்கு அப்போது வாயில் வந்தது அதுதான். எனக்குக் கையிலிருந்த கரண்டியால் ஒன்று போட வேண்டும் போலிருந்தது.

நிரஞ்சலா தலையாட்டினாள். சனிக்கிழமை மரினாவின் வாகனம் வந்தது. பெட்டியை மண்ணோடு தூக்க முடியாமல், மண்ணை வாளி வாளியாக அள்ளி ஏற்றினார்கள். நிரஞ்சலா குஞ்சுகளைத் துணிப் பைகளில் போட்டு, சூடு போகாதபடி கம்பளியால் சுற்றினாள். தனக்கென்று ஒரு கம்பளியும் எடுக்கவில்லை, நான்தான் ஓடிப்போய் இரண்டை ஏற்றினேன். குலேந்திரன் வரவேற்பறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

அவள் போனதும் மாமியின் பெட்டியை நானே கட்டி, நானே ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். "குடிபெயர்ந்து போவினம் எண்டு சொன்னனான்தானே" என்றார் மாமி, வென்றவர் மாதிரி. "ஓம், இப்ப நீங்களும் போங்கோ" என்று ரயிலில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து கோணேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெண் இல்லை, மாமி வந்துகொண்டிருக்கிறா, வேணுமெண்டால் அவவைப் பாருங்கோ என்றேன். எங்கள் சனத்தில் பாதி இப்போது என்னோடு கதைப்பதில்லை. பெரிய நிம்மதி.

மேல்மாடி சும்மா கிடந்தது. குலேந்திரன் இரண்டொரு தரம் மேலே போய் நின்றுவிட்டு இறங்கி வந்ததைக் கண்டேன். சுவரில் மஞ்சள் இன்னும் போகவில்லை. நான் தேய்க்கவில்லை, அவரைத் தேய்க்கச் சொல்லவும் இல்லை. மாசி போய்ப் பங்குனியும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போறியள்?"

"சில்க்போர்க்."

நான் ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். வழியில் அவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். நான் உதவி செய்யவில்லை.

அந்த ஊர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, மாடிக் கட்டிடத்தில் அவள் ஒரு சின்ன வீடு எடுத்திருந்தாள். கதவைத் திறந்து இரண்டு பேரையும் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"என்ன?" என்றாள்.

"வீடு பாக்க வந்தனான்" என்றார் குலேந்திரன்.

கதவை முகத்தில் அடித்துச் சாத்துவாள் என்றே நினைத்தேன். சாத்தியிருந்தாலும் நான் அவளைப் பிழை சொல்லியிருக்கமாட்டேன். அவள் வாங்கோ என்று சொல்லவில்லை, கொஞ்சம் விலகி நின்றாள். இவர் காலணியைக் கழற்றினார். முதல் அறையில் உடும்புப் பெட்டி, விளக்கு எரிந்தது. பாதி வாலோடு நோஞ்சான் கல்லுக்கு மேலே படுத்திருந்தது, வயிறு நிறைந்து. அவர் அங்கே நிற்கவில்லை. படுக்கையறைக்குப் போனார். யன்னலோரம் கையை நீட்டிப் பார்த்தார். குனிந்து ஹீட்டரில் உள்ளங்கையை வைத்தார், சுட்டிருக்க வேண்டும், ஆனாலும் எடுக்கவில்லை. பிறகு குசினிக்குப் போய் ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து மூடினார். அரிசி, பருப்பு, தகரமீன், முட்டை. எந்தக் கதவிலும் பூட்டு இல்லை. கடைசி அலுமாரிக் கதவைப் பிடித்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு கனநேரம் நின்றார்.

நிரஞ்சலா கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணீர் வேணுமோ என்று கேட்கவில்லை.

"அண்ணை" என்றாள். "ஒருதரம் வந்தால் காணாது. மரினா ரெண்டுதரம் வந்தவள்."

"ஓம்" என்றார் அவர். "வாறன்."

வாசலில் குனிந்து காலணி நாடாவைக் கட்ட அவருக்கு நிறைய நேரம் பிடித்தது. நான் கட்டிவிடவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன்.